சௌந்தரி டீச்சரும் அமலோற்பவமும்

கடப்பேரியில் வந்து ஞானசௌந்தரி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சௌந்தரி டீச்சர் என்று கேட்க வேண்டும். இத்தனைக்கும் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவள் இல்லை. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பாத்திரக் கடையில் பில் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், கோவிலுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்தான் டீச்சர். அவள் புருஷன் சவுரிமுத்து பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் பேருந்து ஓட்டுகிறார். குழந்தை இல்லை. கல்யாணமாகி இருபது வருஷம் தாண்டியபின், அதைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்பதுகூட இல்லை.

அவர்கள் கோவில் அமலோற்பவ மாதா கோவில். டிசம்பர் எட்டாம் தேதி திருநாள். அதற்கு முந்தைய ஞாயிறு வகுப்பில் சௌந்தரி வருஷா வருஷம் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"அமலோற்பவம், அமலோற்பவம்னு சொல்றோமே, யார் வயித்துல யார் உண்டானது?"

"மாதா வயித்துல இயேசு!" என்று கொட்டகையே அதிரும்.

அந்த நிமிஷத்துக்காகவே காத்திருந்தவள்போல அவள் சிரிப்பாள். "தப்பு. அன்னம்மாள் வயித்துல மாதா உண்டானது. செப்டம்பர் எட்டு, வேளாங்கண்ணித் திருநாள், அது யார் பொறந்த நாள்? மாதா பொறந்த நாள். அதுலேர்ந்து ஒன்பது மாசம் பின்னாடி எண்ணிக்கிட்டே போங்க. எங்க வந்து நிக்கும்? டிசம்பர் எட்டு. மாதாவுக்கு அப்பா உண்டு, அம்மா உண்டு. உங்களை மாதிரி என்னை மாதிரிதான் உண்டானாங்க. ஆனா உண்டான அந்த நொடியிலேர்ந்தே, ஆதாம் ஏவாள்லேர்ந்து எல்லாருக்கும் வர்ற ஜென்மப் பாவம் அவங்களை ஒட்டாம ஆண்டவர் காப்பாத்தினார். அதான் அமலோற்பவம். கன்னி வயித்துல இயேசு உண்டானது வேற. அது மார்ச் இருபத்தஞ்சு. அங்கேயிருந்து ஒன்பது மாசம் எண்ணினா கிறிஸ்மஸ்."

பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுவார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் தப்பாகவே சொல்வார்கள். பிள்ளைகளைச் சொல்லி என்ன, திருநாள் பூசையில் வாசிக்கும் நற்செய்தியே இயேசு உண்டாகப் போகிறார் என்று கபிரியேல் தூதர் மாதாவுக்குச் சொன்ன கதைதான். அதைக் கேட்டுவிட்டுப் பெரியவர்களும் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சௌந்தரிக்கு அதில் உள்ளூர ஒரு சந்தோஷம். கோவிலைச் சேர்ந்த பங்கு மக்களில் இது தெளிவாகத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொள்வாள்.

கொட்டகையின் மறுகோடியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தவள் ஏஞ்சல். சௌந்தரியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தாள். அவளுக்கும் ஜோஷ்வாவுக்கும் கல்யாணமாகிக் குழந்தை இல்லாமல் வருஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதுதான் இருவரையும் சேர்த்தது. பங்கில் யார் வீட்டில் ஞானஸ்நான விருந்து நடந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவார்கள், குழந்தையைக் கையில் வாங்கிப் பார்க்கும் நேரம் வருமுன் சேர்ந்தே எழுந்து வந்துவிடுவார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்று அந்த விருந்தில் யார் என்ன கேட்டார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சௌந்தரிக்கு வேறு சிநேகிதி இல்லை.

ஏஞ்சலுக்கு மட்டும் அவள் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். பல வருஷங்களுக்கு முன்னால் அவளும் சவுரிமுத்துவும் யாருக்கும் தெரியாமல் சோதனைக்குழாய்க் குழந்தைக்கு முயன்றார்கள். ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். சவுரிமுத்து அதை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பேருந்தில் வருவார். ஆனால் கரு நிற்கவில்லை. அதைச் சொல்லி முடிக்கும்போது சௌந்தரி அழுத அழுகையில் ஏஞ்சல் பயந்தே போனாள்.

சென்ற வருஷம் மே மாதக் கடைசியில் சௌந்தரி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்தாள். பாத்திரக் கடைக்கு அன்று விடுமுறை. ரோஜாச் செடி இரண்டு வாங்கிக்கொண்டு பேருந்துக்காக ஜி.எஸ்.டி. சாலையில் நின்றாள். எதிர்ப்பக்கம் கருத்தரிப்பு மையம் ஒன்றின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஏஞ்சலும் ஜோஷ்வாவும் வெளியே வந்தார்கள். ஜோஷ்வா கையில் நீல மூடி போட்ட சின்ன வெள்ளைப் பெட்டி. அதை அவன் பைக்கில் மாட்டவில்லை. பின்னால் உட்கார்ந்த ஏஞ்சலிடம் கொடுத்தான். அவள் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சௌந்தரிக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து இருவரும் பாயைச் சுருட்டும்போது அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை லீவு போட்டிருந்தியா ஏஞ்சல்?"

"இல்லக்கா. ஆபீஸ்லதான் இருந்தேன். ஆடிட்டிங் நடக்குதில்ல."

சொல்லும்போது ஏஞ்சல் பாயின் ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சௌந்தரி மேலே கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் வயிற்றில் ஒரு நெருப்பு கனன்றது. மறைத்தாளே என்ற கோபம் மேலாக இருந்தது. அதற்கு அடியில் இருந்தது வேறு. ஏஞ்சலுக்குக் கரு நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அவளுக்கும் நிற்காமல் போனால் இரண்டு பேரும் பழையபடி சேர்ந்து விருந்துக்குப் போகலாம், சேர்ந்து எழுந்து வரலாம். ஜெபமாலை சொல்லும்போதே அந்த எண்ணம் வந்துவிட்டது ஒருநாள். பாதியில் மாலையை வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினாள்.

நின்றுவிட்டது.

அந்தச் செய்தியை ஏஞ்சல் வந்து சொல்லவில்லை. ஆகஸ்ட் மாதக் கடைசியில் அவர்கள் தெருவின் அன்பியக் கூட்டம் நடந்தது. மாதத்துக்கு ஒரு வீட்டில் நாலைந்து குடும்பங்கள் கூடி ஜெபம் சொல்லிவிட்டுச் சுண்டல் சாப்பிடும் கூட்டம். அந்த முறை ஏஞ்சலின் மாமியார் ஞானம்மாள் வீட்டில். சுண்டலுக்குப் பதில் லட்டு வந்தது.

"போன வருசம் தேருக்குப் பின்னாடி வெறுங்கால்ல நடந்து வந்தேன்ல?" என்று ஞானம்மாள் நடுவீட்டில் நின்று ஆரம்பித்தாள். "மாதா கையில கேட்டேன். இன்னாம்மா, என் வூட்டுக்கு மட்டும் வழி தெரியலியா உனுக்குன்னு கேட்டேன். குடுத்துட்டா. மருந்து இல்ல, மாத்திரை இல்ல, ஆஸ்பத்திரி வாசப்படிகூட மிதிக்கல. மூணு மாசம் ஆவுது."

எல்லோரும் கைதட்டினார்கள். தெருமுனையில் மாவு மில் வைத்திருக்கும் புஷ்பலதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இதுவும் அமலோற்பவம்தான். நம்ம மாதா குடுத்த அமலோற்பவம்."

"அதான், அதான்" என்றாள் ஞானம்மாள்.

"அப்டீன்னா பொறந்ததும் இதுக்கு ஞானஸ்நானம் குடுக்கணுமா, வேணாமா? கழுவறதுக்குப் பாவமே இருக்காதே" என்றாள் புஷ்பலதா.

யாரும் சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார்கள். புஷ்பலதா சௌந்தரியைத் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர், நீ சொல்லு."

சௌந்தரி ஏஞ்சலைப் பார்த்தாள். அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு கை தானாக வயிற்றின்மேல் இருந்தது. இன்னும் மேடிடாத வயிறு. எத்தனையோ பெண்கள் அப்படிக் கை வைத்து நின்று சௌந்தரி பார்த்திருக்கிறாள். இந்தக் கையைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"ஞானஸ்நானம் குடுக்கணும்" என்றாள். "எல்லாக் குழந்தைக்கும் குடுக்கணும்." லட்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் வந்த மூன்று மாதமும் அவளுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. கடையில் எவர்சில்வர் அண்டாவுக்குப் பதில் அலுமினிய அண்டா என்று பில் போட்டு முதலாளியிடம் பேச்சு வாங்கினாள். குழந்தை இல்லாத பெண்கள், குரோம்பேட்டையிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும்கூட, பூசை முடிந்து ஏஞ்சலின் அருகில் வந்து நின்றார்கள். அவள் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஏஞ்சல் கூசிக் கூசி நகர்வாள். மாமியார் அவளைப் பிடித்து நிறுத்துவாள். சௌந்தரி கொட்டகையில் நின்று அதைப் பார்ப்பாள். ஏஞ்சலின் முகத்தில் வந்த மினுமினுப்பைப் பார்த்தாள். கீழே விழுந்த சாக்பீஸைக் குனிந்து எடுக்க முடியாமல் அவள் பிள்ளைகளைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வதைப் பார்த்தாள். ஏஞ்சல் பேச வந்தால், வேலை இருக்கிறது என்று விலகிப்போனாள். இரண்டு மூன்று முறை அப்படி ஆனபின் ஏஞ்சலும் வருவதை நிறுத்திக்கொண்டாள். அதுவும் சௌந்தரிக்குக் குற்றமாகப் பட்டது. இனி நான் எதற்கு அவளுக்கு என்று பொருமினாள்.

ஒரு நாள் சவுரிமுத்து காட்டாங்குளத்தூர் ரோட்டோரக் கடையிலிருந்து கிளிமூக்கு மாங்காய் ஒரு பை வாங்கிவந்தார்.

"இந்த மாசத்துல மாங்கா எங்க கெடைச்சுது?" என்றாள்.

"கெடைச்சுது. ஏஞ்சலுக்குக் குடுத்துட்டு வரலாம்னு. பாவம், வாய்க்கு எதுவும் புடிக்கலன்னு ஜோஷ்வா சொல்லிக்கினு இருந்தான்."

"எனக்கு வாய்க்குப் பிடிக்குதா இல்லையான்னு இந்த மூணு மாசத்துல ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் பையைக் கீழே வைக்கவில்லை. சட்டையை மாற்றாமல் அப்படியே இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். சௌந்தரிக்கு அவர்மேலும் எரிந்தது.

திருநாள் நெருங்கியது. பங்குக்குப் புதிதாக வந்திருந்த எழில் ஃபாதர் இளைஞர். அவர் சௌந்தரியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், அமலோற்பவம்னா என்னன்னு நம்ம ஜனங்களுக்குப் பாதிப் பேருக்குத் தெரியல. ஒன்பது நாள் நவநாள் ஜெபத்துல கடைசி நாள், ஏழாம் தேதி சாயங்காலம், பூசைக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் மைக்ல நீங்க சொல்லுங்க. பிள்ளைங்களுக்குச் சொல்றீங்களே, அதே மாதிரி."

சௌந்தரிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் எந்த ஃபாதரும் அவளை மைக் பக்கம் விட்டதில்லை.

"உங்களுக்கு அப்புறம், மாதா குடுத்த வரத்தைப் பத்தி ஏஞ்சல் சாட்சி சொல்லட்டும்" என்றார் ஃபாதர். "அவங்க மாமியார் ரொம்பக் கேட்டுக்கிட்டாங்க."

குளிர்ந்தது அப்படியே அடங்கிப்போனது. தான் பேசுவதை யார் கேட்கப் போகிறார்கள், எல்லோரும் அவளுக்காகத்தான் காத்திருப்பார்கள் என்று தோன்றியது. வீட்டுக்கு நடக்கும்போது ஒரு வாக்கியம் அவள் வாயில் வந்து உட்கார்ந்தது. அதைத் துப்பிவிட நினைத்தாள். மறுநாள் பில் போடும்போது அது இன்னும் கூர்மையாக வந்தது. மூன்றாம் நாள், அதைச் சொல்லப் போவதில்லை என்று மாதா படத்தின்முன் நின்று முடிவு செய்தாள்.

ஏழாம் தேதி சாயங்காலம் கோவில் நிரம்பி வாசல்வரை ஜனம். சீரியல் பல்பு மினுக்க மினுக்கத் தேர் தயாராக நின்றது. சௌந்தரி காபிப்பொடி நிறப் பட்டுச்சேலையில் மைக்முன் போய் நின்றாள். முதல் வாக்கியத்தை இரண்டு முறை தொடங்கினாள். பிறகு பழகிப்போனது. வேளாங்கண்ணித் திருநாளிலிருந்து ஒன்பது மாசம் பின்னோக்கி எண்ணச் சொன்னபோது பெரியவர்களும் விரல் மடக்கினார்கள். அன்னம்மாளுக்கும் அவள் புருஷன் சுவக்கீனுக்கும் வெகுகாலம் குழந்தை இல்லாமல் இருந்ததாக மரபில் சொல்வதைச் சொன்னாள். மாதா ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பிறந்த மகள்தான், கறை இல்லை என்றால் ஜென்மப் பாவத்தின் கறை இல்லை, தாம்பத்தியம் கறை என்று யாரும் நினைக்கக் கூடாது என்றாள். அப்போது முன்வரிசைக் கன்னியாஸ்திரி ஒருவர் ஆமாம் என்று தலையசைத்தார். எல்லாம் நன்றாகப் போயிற்று.

பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டு ஏஞ்சலை உட்கார வைத்திருந்தார்கள். சௌந்தரி முடிக்கும் நேரத்தில் எழில் ஃபாதர் ஏஞ்சலின் பக்கத்தில் வந்து நின்று, அவள் தலையில் கை வைத்தார். அடுத்தது நீங்கள்தான் என்பதற்காக. கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சௌந்தரியின் வகுப்புப் பிள்ளைகள்கூட எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"அதனால" என்றாள் சௌந்தரி. தன் குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே கேட்டது. "யாருக்காவது குழந்தை தங்கினா அதை அமலோற்பவம்னு சொல்லாதீங்க. சில குழந்தைங்க மாதாகிட்ட வேண்டி வரும். சில குழந்தைங்க பல்லாவரத்துலேர்ந்து ஐஸ் பெட்டியில வரும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

பின்பக்கம் சிலர் சிரித்தார்கள். ஏதோ வேடிக்கை என்று நினைத்த சிரிப்பு. ஏஞ்சல் சிரிக்கவில்லை. அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைச் சௌந்தரி பார்த்தாள். ஜோஷ்வா ஆண்கள் பக்கத்திலிருந்து ஜனத்தை விலக்கிக்கொண்டு வந்து மனைவியின் கையைப் பிடித்து எழுப்பினான். ஞானம்மாள் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்கள் பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார்கள். ஏஞ்சலுக்கு உடம்பு சரியில்லை என்று ஃபாதர் மைக்கில் சொல்லிவிட்டுப் பூசையைத் தொடங்கினார். அதற்குள் சிரிப்பு நின்று, வரிசை வரிசையாகக் கிசுகிசுப்பு நகர்ந்துகொண்டிருந்தது.

சௌந்தரிக்கு அந்த ஒரு பூசை நேரம் மட்டும், சொல்லக்கூடாதுதான், நெஞ்சு லேசாக இருந்தது.

வீட்டில் சவுரிமுத்து அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். தேரைக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னா பேசின நீ அங்க?" என்றார்.

"மறைக்கல்வி பேசினேன்."

"அந்தப் பெட்டிய நானும் மடியில வெச்சிக்கினு வந்திருக்கேன், சௌந்தரி. மூடிக்குள்ள ஐஸு கரைஞ்சிடப் போவுதுன்னு எப்டி பயந்துக்கினு வருவேன் தெரியுமா?" அவர் அவளைத் திட்டவில்லை. "நம்ம வூட்டுப் பொட்டிய எவனாவது மைக்ல சொல்லியிருந்தா நான் செத்தே பூட்டிருப்பேன்."

மறுநாள் திருநாள் காலையில் ஞானம்மாள் வந்தாள். தெருவே கேட்கச் சண்டை போடப் போகிறாள் என்று சௌந்தரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஞானம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனுக்குத் தெரியாதுடி" என்றாள். "ரெண்டு பேரும் எங்கிட்டகூடச் சொல்லல. நேத்துதான் கேட்டேன், ஆமான்னான். நான் நெஜமாவே மாதா குடுத்தான்னு நம்பிக்கினு இருந்தேன். ஊரெல்லாம் சொன்னேன். வந்தவங்கள்லாம் அவ வயித்தத் தொட்டுட்டுப் போனாங்க. இப்ப நான் யாருக்கு நன்றி சொல்றது, நீயே சொல்லு. மாதாவுக்கா, டாக்டருக்கா? நீதான் டீச்சராச்சே."

அவள் ஆத்திரத்தில் கேட்கவில்லை. பதில் வேண்டித்தான் கேட்டாள். சௌந்தரி பிடித்த கதவை விடவில்லை. ஞானம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்த ஞாயிறு ஏஞ்சல் வகுப்புக்கு வரவில்லை. சின்னப் பிள்ளைகளும் சௌந்தரியின் பக்கமே வந்து உட்கார்ந்தார்கள். கொட்டகை முழுக்க அவளுடையதாகிவிட்டது. வகுப்பு முடிந்து பாயைத் தனியாகச் சுருட்டினாள். எழில் ஃபாதர் வந்து வாசலில் நின்றார்.

"நீங்க சொன்ன மறைக்கல்வியில ஒரு தப்பும் இல்ல டீச்சர்" என்றார். "ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க. அந்தச் சிகிச்சை முறையைத் திருச்சபை ஏத்துக்கலைங்கறது உண்மை. அப்படி வந்த குழந்தையை என்னிக்கும் குறைச்சுச் சொன்னதில்ல. ஏஞ்சல் வீட்டுக்குப் போய் நான் அதைச் சொல்லிட்டு வந்தேன். சாட்சி சொல்லச் சொன்னது என் தப்பு. மத்தது உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல."

பொங்கல் முடிந்த ஒரு சாயங்காலம், சௌந்தரி மெப்ஸ் வாசலில் போய் நின்றாள். ஏஞ்சல் சாப்பாட்டுப் பையோடு மெதுவாக நடந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் நின்றாள். திரும்பிப் போகவில்லை. இருவரும் சானடோரியம் ஸ்டேஷன் வரை நடந்து, நடைமேடையின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடற்கரை வண்டி ஒன்று வந்து நின்று போயிற்று.

"ஏன் ஏஞ்சல் எங்கிட்ட மறைச்ச?" என்று கேட்டாள் சௌந்தரி. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். வாயில் வந்தது இது.

"நீங்கதானக்கா சொன்னீங்க." ஏஞ்சல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னிக்கு அழுதுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டீங்க. ஊசி, டாக்டர், அந்தப் பேச்சையே இனிமே என் முன்னாடி எடுக்காத, தாங்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டீங்க. மறந்துட்டீங்களா?"

சௌந்தரி மறந்துதான் போயிருந்தாள்.

"எனக்கு இது ரெண்டாவது தடவை. முதல் தடவை கரு நிக்காம போனப்ப ஜுரத்தோட வகுப்புக்கு வந்தேன். லேட்டுன்னு திட்டினீங்க. அன்னிக்குச் சொல்லியிருக்கணும். சத்தியம் பண்ணிட்டேனேன்னு சொல்லல. அத்தைகிட்டயும் சொல்ல முடியல, அவங்க சந்தோஷத்தைப் பார்த்து. அந்தச் சாட்சியைக்கூடச் சொல்லக்கூடாதுன்னுதான் வந்தேன். உடம்பு முடியலன்னு சொல்லிட்டு இறங்கிடலாம்னு இருந்தேன்."

"என்னை மன்னிச்சிடு."

ஏஞ்சல் சாப்பாட்டுப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னும் கோபம் போகலக்கா. போனதும் சொல்றேன்."

"எனக்கும் இன்னும் பொறாமை போகல" என்றாள் சௌந்தரி. சொன்னபிறகுதான் தான் சொன்னது உறைத்தது. "உன் வயித்தைப் பார்க்கறப்பல்லாம் எரியுது. இப்பகூட."

ஏஞ்சல் முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்புமாக ஏதோ ஒன்று அவள் முகத்தில் வந்து போனது. "அது எனக்குத் தெரியும்க்கா. போன வருஷம்வரைக்கும் நானும் எல்லார் வயித்தையும் அப்படித்தான் பார்த்தேன். நம்ம ரெண்டு பேரும் சேர்ந்துதானே பார்த்தோம்." செங்கல்பட்டு வண்டி வந்தது. ஏற முடியாமல் அவள் தடுமாறியபோது சௌந்தரி முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். பெண்கள் பெட்டியில் இடம் கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

பிப்ரவரிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. எலினா என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானத்துக்கு ஜோஷ்வா வந்து அழைத்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அழைத்தான். குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது ஞானம்மாள் உரக்க அழுதாள். பிறகு மாதாவுக்கு ஒரு மாலை போட்டாள். அடுத்த வாரம் பல்லாவரத்து டாக்டரம்மாவுக்கு ஒரு கிலோ லட்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு பக்கமும் செய்துவிட்டால் யாருக்கும் குறையில்லை என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். விருந்தில் சௌந்தரி கடைசிவரை இருந்தாள். குழந்தையைக் கையில் வாங்கும் முறை வந்தபோது கால் எழப் பார்த்தது. உட்கார்ந்தே இருந்தாள். ஏஞ்சல் கொண்டுவந்து மடியில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்துவிடவில்லை. அதைச் சௌந்தரி கவனித்தாள், குறையாக நினைக்கவில்லை.

ஏஞ்சல் வகுப்புக்குத் திரும்பவில்லை. குழந்தை கொஞ்சம் பெரிசாகட்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வருகிறார்கள். எலினா இப்போது உட்காருகிறாள், எச்சில் ஒழுகச் சிரிக்கிறாள். சௌந்தரி கை நீட்டினால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அம்மா கழுத்தில் முகம் புதைத்துக்கொள்கிறாள். சவுரிமுத்துவைக் கண்டால் மட்டும் இரண்டு கையையும் தூக்கித் தாவுகிறாள். போன ஞாயிறு கல்லூரிப் பேருந்து ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் முடிந்து தெருமுனையில் நின்றது. அவர் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் டிரைவர் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு ஹாரனை அமுக்கவிட்டார். ஒவ்வொரு சத்தத்துக்கும் குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது.

"எங்கிட்ட ஒரு நிமிஷம் வருதா பாரு" என்று கீழே நின்ற சௌந்தரி புருஷனைப் பார்த்துப் பொருமினாள். "அப்படி என்னத்தைக் காட்டி மயக்கி வெச்சிருக்கீங்க?"

"உனுக்கு வயித்தெரிச்சல்" என்றார் சவுரிமுத்து, ஹாரனை இன்னொரு முறை அமுக்கவிட்டுக்கொண்டே.

"ஆமா, வயித்தெரிச்சல்தான்" என்றாள் அவள். பிறகு படியில் கால் வைத்துப் பேருந்துக்குள் ஏறினாள்.